இடது திரை

எனக்கு இடது பக்கம் கிடையாது. பயப்படாதீர்கள், கை கால் எல்லாம் இருக்கிறது. நேராகப் பார்த்தால் மூக்குக்கு வலப்புறம் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இடப்புறம் கறுப்பாகத் தெரியுமா என்று கேட்காத ஆளே இல்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது உங்களுக்கு? எனக்கு இடப்புறம் அதே நிறம்தான்.

இது தன் தப்பால் வந்தது என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வருடமாக நினைக்கிறார். அந்த நினைப்பு மனுஷரை உள்ளேயிருந்து அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. அவர் எப்பேர்ப்பட்ட ஆள், அந்த நினைப்பு எப்படி வந்தது என்பதை நான்தான் சொல்லியாக வேண்டும். அவர் வாயைத் திறக்கமாட்டார். திறந்தாலும் தேதி போட்டு நாலு வரியில் எழுதி நீட்டிவிடுவார்.

ஆபீஸில் அவருக்குக் கேபிள் சார் என்று பெயர். ஆறு மாடி, நானூறு கம்ப்யூட்டர். எதில் என்ன கோளாறு வந்தாலும் போன் இவருக்குத்தான். அதிலும் இரண்டு ஸ்கிரீன் வைத்து வேலை செய்பவர்களின் தலைவலி எல்லாம் இவருடைய பாடு. ஒன்று வேலை செய்யும், இன்னொன்று முழிக்கும். இரண்டிலும் ஒரே படம் வரும். ஒன்றில் எழுத்து யானை மாதிரி, மற்றதில் எறும்பு மாதிரி. வலப்புறம் இருக்கிற ஸ்கிரீனுக்குப் போக மவுஸை இடப்புறம் தள்ள வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்த கேஸ் ஒன்று உண்டு. ஒரு ஸ்கிரீனைக் கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள், ஆனால் கம்ப்யூட்டர் அது இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாதி வேலையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். "ஃபைலைத் திறந்தா காணோம் சார்" என்று ஆள் அழாத குறையாக நிற்பார். இவர் போய் இரண்டு பட்டனைத் தட்டி, காணாமல் போனதைக் கண்முன்னே இழுத்து வந்து விடுவார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். சாப்பிடும்போது இரண்டு தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ஒன்றாம் ஸ்கிரீன், இது இரண்டாம் ஸ்கிரீன் என்று எனக்குப் பாடம் நடக்கும்.

"அந்த ஒன்றாம் ஸ்கிரீன்ல இருக்கிறது ஆறிப்போகுது, முதல்ல அதைச் சாப்பிடுங்க" என்பேன்.

நல்ல உயரம் அவர். அந்த உயரத்தை மடக்கி மேஜைக்கு அடியில் போட்டுக்கொள்வதுதான் வேலையே. நிமிரும்போது மேஜை விளிம்பில் முட்டி முட்டி நெற்றியில் ஒரு தழும்பு நிரந்தரமாகிவிட்டது. தோள் பையில் சுற்றி முடிந்த கேபிள்கள், ஒரு டார்ச், ஒரு துடைக்கிற துணி, ஒரு நோட்டு. அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தப் புகாராக இருந்தாலும் தேதி, என்ன சொன்னார்கள், தான் என்ன செய்தது, பலன் என்ன என்று எழுதாமல் எழுந்திருக்கமாட்டார். புகார் சொன்னவர் என்ன வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையில் எழுதுவார். "ஸ்கிரீன் என்னை முறைக்குது" என்று ஒரு அம்மா சொன்னதைக்கூட அப்படியே எழுதி வைத்திருந்தார்.

அவர்கள் தொழிலில் ஒரு நக்கல் உண்டு. கோளாறு என்னவென்று தெரியாவிட்டால், "நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பார்ட் ரிப்பேர்" என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். இவர் மட்டும் சிரிக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் தன் ஸ்கிரீன் திடீர் திடீரென்று நடுங்குகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாராம். யார் போய்ப் பார்த்தாலும் நடுங்காது. அந்த அம்மாவுக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இவர் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சுவருக்குப் பின்னால் லிஃப்ட் மோட்டார். லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் ஸ்கிரீன் நடுங்குகிறது. அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாராம்.

"தெரியுதுன்னு ஒருத்தர் சொன்னா தெரியுதுதான். தெரியலைன்னு சொன்னா தெரியலைதான். உட்கார்ந்திருக்கிறவங்களைக் குறை சொல்றவன் இந்த வேலைக்கே லாயக்கில்லை." இதை அவர் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டேன், அது வேறு விஷயம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டிலிருந்தபடி நான் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். எழுதியவர் கையால் எழுதித் தருவதைப் படமெடுத்து அனுப்புவார்கள். அது இடது ஸ்கிரீனில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து வலது ஸ்கிரீனில் பக்கத்தைக் கட்ட வேண்டும். இரண்டு ஸ்கிரீனையும் அவர்தான் பொருத்திக் கொடுத்தார். ஸ்கேல் வைத்து உயரம் அளந்து, இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, கல்யாண மண்டபத்துக்குச் சோடித்த மாதிரி. பதினோரு வருடம் அந்த இரண்டின் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்.

"என்னங்க, இடது ஸ்கிரீன் அணைஞ்சு அணைஞ்சு வருது!"

ஒரு காலில் ஷூவோடு வந்து நின்றார். "நல்லாத்தானே எரியுது?"

"இப்ப எரியுது. நான் வலது பக்கம் வேலை செய்யும்போது பார்த்தா இல்லாம போயிடுது. திரும்பிப் பார்த்தா வந்துடுது."

அட, இன்றைக்கு அதைச் சொல்லிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. "லூஸ் கான்டாக்ட்" என்றார். கேபிளைக் கழற்றி, ஊதி, மறுபடி சொருகினார். நோட்டில் எழுதினார். போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து அதே புகார். கேபிளை மாற்றினார். மறுபடி அதே புகார். அவர்கள் தொழிலில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பொருளை இடம் மாற்றிப் பார்ப்பது. ஸ்கிரீன்களை இடம் மாற்றினால் கோளாறும் சேர்ந்து வலப்புறம் போகிறதா? போனால் ஸ்கிரீன் ரிப்பேர். போகாமல் இடப்புறமே நின்றால் ஸ்கிரீன் நல்லது, வேறு எதுவோ ரிப்பேர். ஸ்கிரீனை மாற்றினார், கோளாறு இடப்புறமே நின்றது. கேபிளை வலமிடமாகப் போட்டார், இடப்புறமே நின்றது. பின்னால் சொருகும் ஓட்டையை மாற்றினார், உள்ளே இருக்கும் கார்டையே மாற்றினார், மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். இடது, இடது, இடது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார் மனுஷர். மாற்றாமல் மிச்சமிருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் ஒருத்திதான். என்னை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. வேறு எவனாக இருந்தாலும் முதல் நாளே, "உனக்குத்தான் கண்ணு சரியில்லை" என்று எரிந்து விழுந்திருப்பான். அப்படி ஒரு முரட்டுப் புருஷன் வாய்த்திருந்தால் என் கண் தப்பித்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, செட்டிங்ஸைத் திறந்து, எந்த ஸ்கிரீனுக்கு எந்த எண் என்று காட்டும் பட்டனைத் தட்டச் சொன்னார். தட்டினால் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் அதன் எண் பெரிதாக வந்து சில நொடி நிற்கும். தட்டினேன்.

"வந்துச்சா?"

வலது ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரெண்டாம் நம்பர் வந்திருக்கு. ஒண்ணாம் நம்பர் வரலை."

"வந்திருக்கேம்மா!"

திரும்பினேன். "ஆமா, இப்பதான் வருது."

அவர் பின்னால் நின்று இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் வந்ததைத் தன் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, நோட்டை எடுத்து, "ஒன்றாம் எண் தாமதமாக வருகிறது" என்று எழுதினார். தன் கண்ணைவிட என் வாயை நம்பினார்.

இதற்கிடையில் வேலை நாறிக்கொண்டிருந்தது. பதிப்பகத்து எடிட்டர் அம்மா போன் மேல் போன். நல்ல மனுஷிதான், ஆனால் வாய் மட்டும் கத்தி.

"ஏம்மா, ஏழாம் வகுப்புப் புத்தகத்துல 'கடலில் கலக்கிறது'ன்னு ஒரு வரி ஆரம்பிக்குது. எது கலக்குது? ஆத்தோட பேரை எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?"

வரிகளின் முதல் வார்த்தைகள் விழுந்துகொண்டே இருந்தன. பக்கத்துக்கு நாலு, ஐந்து. நான் பழியைத் தூக்கி ஸ்கிரீன் மேல் போட்டேன். ஸ்கிரீன் மேல் போட்டது போதாதென்று அவர் மேலும் போட்டேன். ஒரு நாள் அவர் வேலையிலிருந்து களைத்து வந்து உட்காரும்போதே ஆரம்பித்தேன். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிச் சரி பண்றீங்க. சொந்த வீட்டுல ஒரு ஸ்கிரீனைச் சரி பண்ணத் துப்பில்லை உங்களுக்கு."

அவர் எழுந்து மேஜைக்கு அடியில் போனார். நிமிரும்போது டமாரென்று முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் நின்றபடி வேண்டுமென்றே எட்டிப் பார்க்காமல் இருந்தேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். இடது ஸ்கிரீனையே தூக்கிவிட்டார். வலது ஸ்கிரீனை மேஜை நடுவில் வைத்து, அதையே இரண்டாகப் பிரித்து, இந்தப் பாதியில் கையெழுத்து, அந்தப் பாதியில் பக்கம் என்று அமைத்துக் கொடுத்தார். "ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்லு" என்றார்.

இனி சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் நான் அந்த ஒற்றை ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தைப் பார்த்தால் கையெழுத்து இல்லை. திரும்பினால் இருக்கிறது. கையெழுத்தின் நடுவில் ஒரு வார்த்தையைப் பார்த்தால் அதற்கு இடப்புறம் இருக்கிற வார்த்தை இல்லை. எழுந்து ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு கதவுள்ள ஜன்னலில் ஒரு கதவுதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டிலிருந்து ஆறு வரைக்கும் இருந்தது, அப்புறம் இல்லை. பிரச்சினை ஸ்கிரீனில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சந்தேகம் என்றெல்லாம் மழுப்பமாட்டேன். தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். டாக்டரிடம் போனால் என்ன சொல்வாரோ என்று பயம். கண் போனவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பயம். இத்தனை நாள் அவரைத் திட்டித் தீர்த்ததெல்லாம் அநியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கும் என் திமிர் இடம் கொடுக்கவில்லை. சொல்லாமல் இருந்தால் தானாகப் போய்விடும் என்று முட்டாள்தனமாக ஒரு நம்பிக்கை வேறு.

வாரம் முடிந்ததும் வந்து கேட்டார். "எப்படி இருக்கு?"

"ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. சரியாப் போச்சு" என்றேன்.

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தக் கணக்குப் பிரிவு அம்மா கையைப் பிடித்து அழுதபோதுகூட அவ்வளவு மலர்ந்திருக்காது. நோட்டை எடுத்து எழுதினார், மூடி வைத்தார், "ஒரு டீ போடேன்" என்றார். அவ்வளவு நிம்மதியாக அவர் டீ குடித்து மாதக்கணக்காகியிருந்தது.

நாலு மாதம் அப்படியே ஓட்டினேன். ஸ்கிரீனை மேஜையின் வலது கோடிக்குத் தள்ளி வைத்துக்கொண்டேன். நாற்காலியை இடப்புறம் இழுத்துப் போட்டுக்கொண்டால் எல்லாம் எனக்குத் தெரிகிற பக்கத்தில் வந்துவிடும். ஏன் இப்படித் தள்ளி வைத்திருக்கிறாய் என்று அவர் ஒரு தடவை கேட்டார். ஜன்னல் வெயில் அடிக்கிறது என்று சொன்னேன். மறுநாளே திரைச்சீலை வாங்கி வந்து மாட்டினார், பாவி மனுஷன். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டேன், இடப்புறம் இருந்த டம்ளர்களைத் தட்டிவிட்டேன், தெருவில் ஒரு சைக்கிள்காரரிடம் வண்டை வண்டையாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதையும் சொல்லவில்லை. தலைவலி வேறு ஆரம்பித்தது. அதையும் சொல்லவில்லை.

அது ஒரு விடுமுறை நாள். நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் டீ கொண்டு வந்து எனக்கு இடப்புறம் நின்று நீட்டியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

"என்னங்க, டீ போட்டாச்சா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்.

"எங்க இருக்கீங்க?" என்றேன் மறுபடி.

அவர் மூச்சு விடுகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பினேன். தட்டோடு நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. தட்டை வைத்துவிட்டு வலப்புறம் வந்தார். "இப்பத் தெரியுதா?"

"என்ன விளையாட்டு இது?"

"நேராப் பாரு. திரும்பாதே." இடப்புறம் போனார். "இப்ப?"

அவர் ஸ்கிரீனை அணைத்தார். என் நாற்காலியைப் பிடித்து, அப்படியே சுழற்றி, வெறும் சுவரைப் பார்க்க உட்காரவைத்தார். அங்கே ஸ்கிரீனும் இல்லை, கேபிளும் இல்லை. மறுபடி வலப்புறம் நின்று கையை ஆட்டினார். மறுபடி இடப்புறம் போனார். கையை ஆட்டியிருப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர்.

"மறுபடி இடதுதான்" என்றார். ஸ்கிரீனுக்குச் சொல்கிற அதே தொனியில்தான் சொன்னார். சொல்லிவிட்டு அந்த உயரமான உடம்பை மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரி. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, நடுவில் பார்க்கச் சொல்லி, எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனைத் தட்டு என்றார்கள். பாதி நேரம் தட்டுவதற்கு ஒன்றுமே வரவில்லை. அச்சிட்டு வந்த தாளில் இரண்டு வட்டம். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. இரண்டிலும் இடது பாதி கன்னங்கரேலென்று இருந்தது. அப்புறம் தலையைப் படமெடுத்தார்கள். வலது மூளையின் பின்புறம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, மெதுவாக வளர்கிற கட்டி, ஆனால் பார்வை நரம்புகள் போகிற வழியை நெரித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"எப்ப ஆரம்பிச்சது? தோராயமாச் சொன்னாக்கூடப் போதும்."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கம் பிரித்து நீட்டினார். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இடது ஸ்கிரீன் அணைகிறது, திரும்பிப் பார்த்தால் வருகிறது. ஸ்கிரீன்களை இடம் மாற்றியும் கோளாறு இடப்புறமே. வரியின் முதல் வார்த்தைகள் தெரியவில்லை என்கிறாள். ஒன்றாம் எண் தாமதமாக வருகிறது. தேதியோடு, கிழமையோடு, என் வாய் வார்த்தையிலேயே, பதினேழு புகார். அந்த அம்மா ஒரு வரி விடாமல் படித்தார்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். நோய் எப்படிக் கூடிக்கிட்டே வந்ததுன்னு இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் கொண்டு வந்ததில்லை" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அது என் வீட்டுக்காரரை என்ன செய்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அவர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். இடது ஸ்கிரீன் அகற்றப்பட்டது, அதன்பின் புகார் இல்லை, முடிந்தது.

"இந்தத் தேதியில இவளைக் கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "உறுதியாச் சொல்ல முடியாது. கொஞ்சமாவது மிச்சம் வெச்சிருக்கலாம். இந்த நாலு மாசம் அதுக்கு ரொம்ப முக்கியமான நாலு மாசம்."

"நான் முடிஞ்சதுன்னு எழுதிட்டேன் டாக்டர்" என்றார். எழுதிட்டேன், எழுதிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் என் வீட்டுக்காரர் விக்கி விக்கி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். 'அவர் முடிஞ்சதுன்னு எழுதினதுக்குக் காரணம் நான் சொன்ன பொய்' என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மண்டையைத் திறக்கப்போகிறார்கள் என்ற பயத்தில் இருந்தேன், பிழைத்து வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிழைத்து வந்தேன். கட்டி போய்விட்டது, இடது பக்கம் திரும்பி வரவில்லை. வரியின் தொடக்கத்தைக் காட்ட ஒரு சிவப்பு ஸ்கேலை ஓரமாக வைத்துக்கொண்டு எட்டு மாதம் வேலை செய்து பார்த்தேன். எடிட்டர் அம்மா ஒரு நாள், "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்று போனில் அழுதார். வேலை போய்விட்டது என்று புரிந்துகொண்டேன்.

என்னைவிட மோசமாகப் போனவர் அவர்தான். ஆபீஸில் யாராவது ஸ்கிரீன் மங்கலாகத் தெரிகிறது என்றால் போதும், மேஜைக்கு அடியில் போகமாட்டார். சொன்ன ஆளின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டுவார். "நேராப் பாருங்க. இந்தப் பக்கம் தெரியுதா? தலைவலி இருக்கா? டாக்டரைப் பாருங்க, இன்னைக்கே போங்க." வெறும் கேபிள் கழன்றிருக்கும், அந்த ஆள் மூளையில் கட்டி என்று பயந்துபோய் லீவு போட்டு ஓடுவார். ஒருவர் இருவர் அல்ல, முப்பது நாற்பது பேர். முதலில் சிரித்தார்கள், அப்புறம் எரிச்சலானார்கள், அப்புறம் மேலே புகார் போனது. கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார்கள். இவரோ, "அப்ப நான் பார்க்காம விட்டா நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா?" என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். கொண்டுபோய்ப் பழைய சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை, கழித்துக் கட்டிய ஸ்கிரீன்களின் நடுவில் உட்கார்ந்து அவற்றின் பின்னால் எண் ஒட்டுகிறார். புகார் சொல்ல அங்கே யாரும் வருவதில்லை. நோட்டு எழுதுவதையும் விட்டுவிட்டார்.

தூக்கத்தில் பேசுகிறார். கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே வெறித்துப் பார்க்கிறார். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்துச் சிரித்த ஆளா இது என்று இருக்கிறது. போதும் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. என் திமிரும் போயிற்று, பயமும் போயிற்று, இனி பயப்பட என்ன மிச்சம்? போன மாதம் ஒரு மத்தியானம் அவரை எதிரில் உட்காரவைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும். குறுக்கப் பேசாம கேளுங்க."

சொன்னேன். ஒற்றை ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பாதி ஜன்னலைச் சொன்னேன், பாதிக் கடிகாரத்தைச் சொன்னேன். சரியாப் போச்சு என்று சொன்னது பொய், வெயில் அடிக்குது என்று சொன்னது பொய், நாலு மாதத்தையும் தின்றது என் வாய்தான், உங்கள் நோட்டு இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என்னை அடிக்கட்டும், திட்டட்டும், வீட்டைவிட்டு இறங்கிப் போகட்டும், அந்தப் பாரம் அவர் நெஞ்சைவிட்டு இறங்கினால் போதும் என்று இருந்தது.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் என் கன்னத்தைத் தன் துண்டால் துடைத்தார்.

"எனக்காக எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கே நீ" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. "யோசிக்கலைங்க! நடந்ததைச் சொல்றேன்!"

"ஜன்னல், கடிகாரம்னு... சரி, விடும்மா. எனக்குப் புரியுது."

"உங்க மேல சத்தியமாச் சொல்றேன், எனக்குத் தெரியும்!"

"உனக்குத் தெரியலைன்னு நீயே பதினேழு தடவை சொன்னியேம்மா. நான்தான் கேட்கலை. உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லாம இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

கத்தினேன். கையில் கிடைத்ததை வீசினேன். அவர் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சின்னக் குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "யாரும்மா இப்படிச் செய்வா? உன் பார்வையைக் கெடுத்தவனுக்காகப் பழியையும் நீயே எடுத்துக்கிறே."

அதற்கப்புறம் இன்னும் நாலு தடவை சொல்லிவிட்டேன். அழுது சொன்னேன், அமைதியாகச் சொன்னேன், தேதியோடு எழுதியும் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு டீ போடப் போய்விட்டார். சொல்லச் சொல்ல அவருக்கு என்மேல் பிரியம் கூடிக்கொண்டே போகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.